வாசல் எந்தப் பக்கம்?

திருவள்ளூரிலிருந்து பொன்னேரிக்கும், பொன்னேரியிலிருந்து கவரைப்பேட்டை வழியாகக் கும்மிடிப்பூண்டிக்கும் போகிறவர்கள் சாலையின் இரு மருங்கும் பார்த்தால், சில வருஷங்களுக்கு முன் நெல் விளைந்த நிலங்களில் இன்று மனைக் கல் நட்டு, வர்ணக் கொடி கட்டி, விலை கூறிக் கொண்டிருப்பதைக் காணலாம். ஆலைத் தொழிலாளியும், சிறு வியாபாரியும், பள்ளி உபாத்தியாயரும் அரை கிரவுண்டு மனை வாங்கி, கடனோடு கடனாக ஒரு வீடு கட்டிக் கொள்ளத் துணிகிறார்கள். இதை நாம் மனதார வரவேற்கிறோம். குடிசையிலேயே பிறந்து குடிசையிலேயே சாக வேண்டியவன் என்று விதிக்கப்பட்டிருந்தவன் காரை வீடு கட்டுகிறானென்றால், அதைவிட நமக்கு வேறு திருவிழா வேண்டியதில்லை.

ஆனால், வீடு கட்டப் புறப்படுகிறவன் முதன் முதல் கேட்கிற கேள்வி என்ன? மண் கெட்டியானதா, மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், காற்று எப்படி வரும், கழிவுநீர் எங்கே போகும் என்பதல்ல. “வாசல் எந்தப் பக்கம்?” என்பதுதான் முதற் கேள்வி. அதைக் கேட்பதும் கட்டிடம் படித்த இன்ஜினீயரிடமல்ல, கட்டிப் பழகிய மேஸ்திரியிடமுமல்ல. கையில் திசைகாட்டிப் பெட்டியும் கக்கத்தில் பஞ்சாங்கமும் வைத்துக் கொண்டு வருகிற வாஸ்துக்காரரிடம்தான்.

உலகமெங்கும் கட்டிடக் கலையில் தேர்ந்தவர்கள் இன்று பெரிய வாதங்கள் நடத்தி வருகிறார்கள். வெயில் நாட்டில் கண்ணாடிச் சுவர் எழுப்புவது புத்தியா, சிமெண்டைக் குறைத்துக் கட்டுவது எப்படி, மின்சாரக் குளிர்சாதனம் இல்லாமலே அறையைக் குளிர்ச்சியாக்க என்ன வழி, ஏழைக்கு மலிவாகவும் மானமாகவும் வீடு தருவது எங்ஙனம் என்பவை அவர்கள் கேள்விகள். நம் நாட்டிலோ இவ்வளவு வாதமும் “ஈசானிய மூலை” என்ற ஒரு வார்த்தையில் முடிந்து போகிறது.

இதிலுள்ள வேடிக்கையைக் கும்மிடிப்பூண்டியில் நின்று பார்த்தால்தான் நன்றாக விளங்கும். அங்குள்ள சிப்காட் பேட்டையில் பழைய இரும்பை மின்சார உலையில் 1,500 டிகிரிக்கு மேல் காய்ச்சி உருக்கி, உருளைகளுக்கிடையே விட்டுக் கம்பியாக்கி, செந்தணலாக வருகிற கம்பியை நீரால் சட்டென்று குளிரச் செய்கிறார்கள். அதனால் கம்பியின் மேற்புறம் கெட்டியாகவும் உட்புறம் வளைந்து கொடுக்கக் கூடியதாகவும் அமைகிறது. பாரம் வந்தாலும் பூமி அதிர்ந்தாலும் முறியாமல் தாங்குவதற்கு மனித அறிவு கண்ட வழி இது. இந்தக் கம்பியைச் செய்தவன் உலையை அக்கினி மூலையில் வைத்தோமா என்று யோசிக்கவில்லை. எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம், எவ்வளவு நீர் என்றுதான் கணக்குப் பார்த்தான். ஆனால் அந்தக் கம்பியை வாங்கித் தூண் கட்டுகிறவன், தூணை எங்கே நிறுத்துவதென்று பஞ்சாங்கத்தைக் கேட்கிறான். வீட்டைத் தாங்குவது கம்பியா, பஞ்சாங்கமா?

நமக்குத் தெரிந்த தோழர் ஒருவர் ஒரு கம்பி ஆலையில் உலையருகே வேலை பார்ப்பவர். தெற்குப் பார்த்த அரை கிரவுண்டு மனை வாங்கினார். மேஸ்திரி போட்ட படத்தில் தெற்கே வாசலும் ஜன்னலும், வடக்கே ஒரு ஜன்னலுமாக, காற்று உள்ளே புகுந்து வெளியேறும்படி இருந்தது. கடைக்கால் எழும்பிய பிறகு உறவினர்கள் பேச்சைக் கேட்டு வாஸ்துக்காரரை அழைத்தார். அவர் வந்து, தெற்கு எமன் திசையென்றும், அங்கே ஜன்னலும் ஆகாதென்றும், வாசலைக் கிழக்கே மாற்ற வேண்டுமென்றும் சொல்லிவிட்டுத் தட்சிணையை வாங்கிக் கொண்டு போய்விட்டார். கிழக்கே இருந்ததோ மூன்றடிச் சந்தும் பக்கத்து வீட்டுச் சுவருந்தான். எழுப்பியதை இடித்து, அடைத்து, மறுபடி கட்டியதில் வட்டிக்கு வாங்கிய பணத்தில் அறுபதினாயிரம் ரூபாய் மண்ணாயிற்று. சென்ற சித்திரை மாதம் நாம் அவ்வீட்டுக்குப் போயிருந்தபோது அந்த அம்மையார் சொன்னார்: “அண்ணா, இவருக்குப் பகலில் ஓர் உலை, ராத்திரியில் ஓர் உலை. எனக்கு இரண்டு வேளையும் இதே உலைதான்.” எமன் தெற்கிலிருந்து வருவானென்று பயந்து காற்றை நிறுத்திவிட்டார்கள். காற்று நின்ற வீட்டில் எமனுக்குத் தனி வாசல் எதற்கு?

நிற்க. வாஸ்துவுக்குப் பக்கமேளம் போடும் படித்தவர்கள் சிலர், “அது மூடநம்பிக்கையல்ல, சூரியனையும் காற்றையும் கணித்து முன்னோர்கள் எழுதிவைத்த விஞ்ஞானம்” என்கிறார்கள். 2017-ல் காரக்பூர் ஐ.ஐ.டி. தன் கட்டிடக் கலை மாணவர்களுக்கு வாஸ்துவைப் பாடத்தில் சேர்ப்பதாக அறிவித்தபோதும் இவ்விதச் சமாதானமே சொல்லப்பட்டது. நாமும் அதை அலட்சியம் செய்யாமல், விஞ்ஞானமாகவே வைத்துக் கொண்டு சோதித்துப் பார்ப்போம்.

முதலாவது சூரியன். நம் திருவள்ளூர் ஜில்லா பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 13 டிகிரியில் இருக்கிறது. ஆகையால் சித்திரை நடுவிலிருந்து ஆடிக் கடைசி வரை நடுப்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கிறது. அதாவது, வெயில் கொளுத்துகிற அக்காலத்தில் உச்சிவேளை வெயில் தெற்குச் சுவரில் விழுவதே இல்லை. மற்ற மாதங்களில் விழுந்தாலும் சூரியன் உயரத்தில் இருப்பதால் ஜன்னலுக்கு மேல் இரண்டடி சன்னிழல் போட்டால் தடுத்துவிடலாம். சாய்வாக வந்து சுவரைச் சுடும் வெயில் கிழக்கிலும் மேற்கிலுந்தான் அதிகம். ஆகவே நம் ஊருக்குக் கணக்குப்படி தெற்கும் வடக்கும் திறப்பாக இருப்பதே நல்லது. வாஸ்துக்காரர் அடைக்கச் சொல்லுவதோ தெற்கை!

இரண்டாவது காற்று. தென்றல், வாடை, கொண்டல், கோடை என்று நாலு திசைக் காற்றுக்கும் தனித்தனிப் பெயர் வைத்தவன் தமிழன். அவற்றுள் அவன் கொண்டாடியது தெற்கிலிருந்து வரும் தென்றலை. தென்றலுக்குப் பெயரிட்டவன் பேரன் தெற்கு ஜன்னலை அடைக்கிறான் என்றால், இது முன்னோர் அறிவா, முன்னோர் அறிவுக்கு வைத்த கொள்ளியா? அன்றியும், நமக்குக் கோடைப் பிற்பகலில் வருகிற கடற்காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வீசுவது. அந்தத் தென்கிழக்கு மூலையில்தான் அடுப்பு வைக்க வேண்டுமாம். வைத்தால், வருகிற நல்ல காற்று அடுப்பின் அனலையும் தாளிக்கும் புகையையும் வாரிக் கொண்டு வீடு முழுதும் சுற்றும். காஷ்மீருக்கும் கும்மிடிப்பூண்டிக்கும், மலைக்கும் கடற்கரைக்கும் ஒரே விதி சொல்லுவது எப்படி விஞ்ஞானமாகும்?

மூன்றாவது தண்ணீர். கிணறோ குழாய்க் கிணறோ வடகிழக்கு மூலையில். கழிவுநீர்த் தொட்டி வடமேற்கு மூலையில். இதுவே இன்று நம் பக்கத்து வாஸ்துக்காரர்கள் சொல்லும் விதி. நல்லது. ஒரு தெருவில் பக்கத்துப் பக்கத்து மனைக்காரர் இருவரும் இதன்படியே கட்டினால் என்ன ஆகுமென்று தரையில் கோடு கிழித்துப் பாருங்கள். கிழக்கு வீட்டுக்காரனின் வடமேற்கு மூலை எங்கே இருக்கிறது? மேற்கு வீட்டுக்காரனின் வடகிழக்கு மூலைக்குப் பக்கத்தில். ஆகவே, கிழக்கு வீட்டுக் கழிவுத் தொட்டிக்குப் பக்கத்திலேயே மேற்கு வீட்டுக் குடிநீர்க் கிணறு! தெரு முழுதும் வாஸ்துப்படி கட்டினால் தெரு முழுதும் ஒருவன் மலத்தை ஒருவன் குடிக்க வேண்டியதுதான். தோண்டுகிற தொட்டி கிணற்றுக்கு எவ்வளவு தூரத்தில், நிலத்தடி நீர் எந்தப் பக்கம் ஓட்டம் என்பது கேள்வியாக இருக்க, எந்தத் தேவதைக்கு எந்த மூலை என்று பார்த்ததன் பலன் இது.

நான்காவது அளவு. மனையடி சாஸ்திரம் என்றொன்று பஞ்சாங்கத்தின் பின்பக்கத்திலும் நாட்காட்டியிலும் அச்சிட்டு விற்கப்படுகிறது. அறை 8 அடி இருந்தால் பாக்கியம், 9 அடி இருந்தால் பீடை, 13 அடி பகை, 16 அடி செல்வம் என்பது அதன் சாரம். இந்த அடி யாருடைய அடி? இன்று மேஸ்திரி கையிலுள்ள நாடாவின் அடி 30.48 சென்டி மீட்டர். அந்த அளவை இங்கிலீஷ்காரனும் அமெரிக்கனும் மற்றவர்களும் கூடி ஒரே அளவாக ஒப்புக் கொண்டது 1959-ல். இங்கிலீஷ்காரன் காலடி அளவுக்கும் கும்மிடிப்பூண்டிக்காரன் குடும்பப் பகைக்கும் என்ன சம்பந்தம்? அதே அறையை மீட்டரில் அளந்தால் பகை ஒழிந்துவிடுமா? மீட்டருக்குச் சாஸ்திரம் எழுதுவதற்குள் ரிஷிகள் போய்விட்டார்களே, என்ன செய்வது!

இதெல்லாம் போகட்டும். வாஸ்துவில் நாம் முக்கியமாகக் கண்டிக்க வேண்டியது இந்தப் பைத்தியக்காரத்தனங்களையல்ல. அதன் அஸ்திவாரத்தை. ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் செய்த பிருகத் சம்ஹிதை என்னும் நூலில் வீடு கட்டுவதற்கென்று ஒரு பெரிய அத்தியாயம் இருக்கிறது. அதில் வீட்டின் அகலம் சொல்லப்பட்டிருக்கிறது. பிராமணனுக்கு 32 முழம். க்ஷத்திரியனுக்கு 28. வைசியனுக்கு 24. சூத்திரனுக்கு 20. அதற்கும் கீழே தள்ளப்பட்டவனுக்கு 16. மனையின் சரிவிலும் ஜாதி: வடக்கே சரிந்தால் பிராமணனுக்கு, கிழக்கே க்ஷத்திரியனுக்கு, தெற்கே வைசியனுக்கு, மேற்கே சூத்திரனுக்கு. மண்ணின் நிறத்திலும் ஜாதி: வெள்ளை, சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நாலு வருணத்துக்கும் நாலு மண்.

இதன்படி நடப்பதானால் செங்குன்றத்துச் சிவப்பு மண்ணில் நம்மில் எவன் வீடு கட்ட முடியும்? தெற்குப் பார்த்த மனை எமனுக்கு என்று பயப்படுகிற தோழரே, உமக்கு வாஸ்து வைத்திருக்கும் இடம் 20 முழமா, 16 முழமா என்று வாஸ்துக்காரரை ஒருநாள் கேட்டுப் பாரும். அவர் பதில் சொல்ல மாட்டார். ஜாதியைச் சொன்னால் வியாபாரம் போய்விடும். ஆகவே ஜாதி வரிகளை மறைத்துவிட்டு, எட்டுத் திக்கை மாத்திரம் வைத்துக் கொண்டு எல்லா ஜாதிக்காரனிடமும் காசு வாங்குகிறார்.

அதிகாரத்திலுள்ளவர்களாவது இதைவிட்டுத் தப்பினார்களா? தெலுங்கானாவில் அன்று முதலமைச்சராயிருந்த சந்திரசேகர ராவ் 2015-ல், பழைய தலைமைச் செயலகத்துக்கு வாஸ்து சரியில்லை என்றார். 2020-ல் பழைய கட்டிடங்கள் இடிக்கப்பட்டன. வாஸ்துவெல்லாம் பார்த்து எழுப்பிய புதுக் கட்டிடம் 2023 ஏப்ரல் 30-ல் திறக்கப்பட்டது. அதே வருஷம் டிசம்பரில் அவர் தேர்தலில் தோற்றுப் பதவி இழந்தார். வாஸ்து ஒருவேளை பலித்திருக்கலாம். எதிர்க்கட்சிக்குப் பலித்துவிட்டது போலும்! இதில் இன்னொரு வேடிக்கை, அந்தக் கட்டிடத்துக்கு வைத்த பெயர் டாக்டர் அம்பேத்கர் பெயர். யாருடைய மக்களுக்கு 16 முழம் என்று சாஸ்திரம் அளந்து ஒதுக்கியதோ, அவர் பெயரைச் சாஸ்திரம் பார்த்துக் கட்டிய கட்டிடத்தின் மேல் எழுதினார்கள்.

சாஸ்திரம் ஏட்டில் இருக்கிறவரை ஏடு. அது ஊருக்குள் வந்தால் சுவர். நம் கும்மிடிப்பூண்டி வட்டத்திலேயே தோக்கமூர் என்ற ஊரில் திரௌபதி அம்மன் கோயிலை ஒட்டி, ஆதிதிராவிட மக்கள் வந்து போகாதபடி ஒரு சுவர் எழுப்பப்பட்டிருந்தது. அம்மக்களும், அவர்களுக்காகப் பாடுபட்டவர்களும் பல நாள் போராடிய பிறகு, 2022 அக்டோபரில் அதிகாரிகள் வந்து இடித்தார்கள். மதுரை ஜில்லா உத்தப்புரத்தில் இதேவிதமான சுவரின் ஒரு பகுதி 2008 மே மாதம் இடிக்கப்பட்டது. மேட்டுப்பாளையம் அருகே நடூரிலோ சுவரை மனிதர் இடிக்கவில்லை. 2019 டிசம்பர் 2-ந் தேதி விடியுமுன் மழையில் அது தானே இடிந்து, அதையடுத்த தாழ்த்தப்பட்ட மக்களின் வீடுகள்மேல் விழுந்து 17 பேரைக் கொன்றது. திருவள்ளூர் ஜில்லா உப்பரபாளையத்தில் 2014 ஜூலை 6-ந் தேதி ஒரு கிடங்கின் சுற்றுச்சுவர் விழுந்து, அதன் ஓரத்தில் குடிசை போட்டுத் தங்கியிருந்த கட்டிடத் தொழிலாளர் 11 பேர் மாண்டார்கள்.

சுவரின் உயரமென்ன, அதற்குத் தகுந்த அடித்தளமும் முட்டுத்தூணும் உண்டா, தேங்கும் மழைநீர் வெளியேற அதில் துவாரங்கள் விட்டிருக்கிறதா என்பதே உயிர் காக்கும் சாஸ்திரம். இதைக் கேட்க ஆளில்லை. எமகண்டம் எப்போது என்று கேட்கத்தான் ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

பழமையையெல்லாம் கொளுத்திவிடச் சொல்லுகிறோமா என்றால், இல்லை. பழைய வீட்டு முற்றம் சூட்டை மேலே அனுப்பிக் காற்றை உள்ளே இழுத்தது. மச்சின்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டோடு பதித்தது வெயிலைத் தடுத்தது. இவை கணக்குக்குப் பொருந்துவதால் கொள்ளத் தக்கவை. ஆனால், இன்று பழமையைப் பாராட்டும் கட்டிடக் கலைஞர்கள், அந்தத் திண்ணையில் யார் உட்காரலாம், யார் தெருவில் நிற்க வேண்டும் என்பதையும், அந்த வீட்டின் பின்புறச் சந்து மலம் அள்ளுகிறவன் முகம் தெரியாமல் வந்து போவதற்காக விடப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காற்றை எடுத்துக் கொள்ளுங்கள். சந்தை விட்டுவிடுங்கள்.

வேறொரு சம்ஹிதையும் இருக்கிறது. மத்திய அரசாங்கத்தின் மின்சிக்கன நிறுவனம் 2018 டிசம்பரில் வெளியிட்ட எக்கோ நிவாஸ் சம்ஹிதா. பெயர் சமஸ்கிருதமானாலும் உள்ளே இருப்பது கணக்கு. நம்மைப் போன்ற புழுக்கமான கடற்கரைச் சீமையில் வீட்டின் தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது திறக்கக் கூடிய ஜன்னலும் கதவுமாக இருக்க வேண்டும் என்கிறது அது. கூரை வழியாகவும் சுவர் வழியாகவும் எவ்வளவு வெப்பம் இறங்கலாம் என்பதற்கும் வரம்பு வைத்திருக்கிறது. அதில் பிராமணனுக்கு இவ்வளவு ஜன்னல், சூத்திரனுக்கு இவ்வளவு ஜன்னல் என்றில்லை. மூச்சு விடுகிற எல்லோருக்கும் ஒரே அளவு. இது 500 சதுர மீட்டருக்குக் குறையாத மனைகளுக்கென்று எழுதப்பட்டதுதான். ஆனாலும், அரை கிரவுண்டுக்காரன் இந்தக் கணக்கைப் பார்க்கக் கூடாதென்று யாரும் தடை போடவில்லையே! 120 சதுர அடி அறைக்கு 20 சதுர அடி திறப்பு. இதைப் பெருக்கிப் பார்க்க வாஸ்துக்காரர் வேண்டியதில்லை. நாலாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை போதும்.

செலவைக் குறைக்கவும் வழி இருக்கிறது. இங்கிலாந்தில் பிறந்து கேரளத்தில் வாழ்ந்து 2007-ல் மறைந்த லாரி பேக்கர் என்ற கட்டிடக் கலைஞர், செங்கலைப் படுக்க வைக்காமல் குத்திட்டு நிறுத்தி நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டும் முறையைப் பரப்பினார். அதில் நாலில் ஒரு பங்கு செங்கல் மிச்சமாகும். வெற்றிடம் வெயிலையும் தடுக்கும். நம் ஜில்லாச் சூளைகளில் முன்பணத்துக்கு அடிமைப்பட்டுக் கல் அறுக்கிற குடும்பங்களின் வியர்வையை நினைத்தாவது ஒரு கல்லை வீணாக்காமல் கட்டுவது நலம்.

வீடென்பது நாலு சுவர் மட்டுமல்ல, பக்கத்து வீடும் சேர்ந்தது. இதைக் கருதிச் செய்யப்பட்ட ஏற்பாடு சமத்துவபுரம். முதலாவது சமத்துவபுரம் 1998 ஆகஸ்டில் மதுரை ஜில்லா மேலக்கோட்டையில் திறக்கப்பட்டது. 100 வீடுகளில் ஆதிதிராவிடர்க்கு 40, பிற்படுத்தப்பட்டோர்க்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோர்க்கு 25, மற்றவர்க்கு 10 என்று கலந்து குடியேற்றும் திட்டம் அது. சேரி ஒருபக்கம், ஊர் ஒருபக்கம் என்ற மனுவின் வரைபடத்தை அழித்து வேறு வரைபடம் போட்டதால், கட்டிடக் கலையில் அதற்கு நாம் பெரிய இடம் கொடுக்கிறோம். 2024-ல் துவங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3 லட்சத்து 50 ஆயிரம் ரூபாயும் 360 சதுர அடியும் கணக்கு. 360 சதுர அடிக்குள் அஷ்டதிக்குப் பாலகர்களையும் குடியேற்றிவிட்டால் குடும்பம் எங்கே படுக்கும்?

இன்னும், நம் கட்டிடங்களுக்கெல்லாம் கம்பி செய்து கொடுக்கிறவர்களைப் பாருங்கள். பீகாரிலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் கும்மிடிப்பூண்டிக்கு வந்து, தகரக் கொட்டகை அறைகளில் பகல் வேலைக்காரர் எழுந்த பாயில் இரவு வேலைக்காரர் படுக்கும் நிலையில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்கள் அறைக்கு வாசல் எந்தப் பக்கம் என்று எந்த வாஸ்துக்காரரும் கவலைப்பட்டதில்லை. ஜன்னலே இல்லாத அறைக்குத் திசை என்ன வேண்டியிருக்கிறது? பணம் உள்ள இடத்தில் மாத்திரம் எட்டுத் திசை இருக்கும்; இல்லாத இடத்தில் ஒரு திசையும் இராது போலும்!

ஆகவே தோழர்களே! வீடு கட்டப் போகிறவர்களுக்கு நாம் சொல்லுவது இதுதான். வாஸ்துக்காரருக்குக் கொடுக்கும் பணத்தை மண்ணைச் சோதிப்பதற்கும், ஒரு நல்ல இன்ஜினீயரிடம் படம் போடுவதற்கும் கொடுங்கள். மழைநீர்த் தொட்டியைச் சர்க்காருக்குக் காட்டுவதற்காகவன்றி நீங்கள் குடிப்பதற்காக வெட்டுங்கள். அடுப்படியில் நாளெல்லாம் நிற்கப் போகிற பெண்ணைக் கேட்காமல் அடுப்படிக்கு இடம் குறிக்காதீர்கள். கட்டுகிற கொத்தனாரும் சித்தாளும் கிரகப்பிரவேசத்துக்குப் பிறகும் உங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும்படி வீட்டை வைத்திருங்கள்.

நமது தோழர் அடைத்த ஜன்னலை இந்த ஆடி மாதத்தில் மறுபடி திறந்துவிட்டார். ஆடியில் இடிக்கலாமா என்று உறவினர்கள் கேட்டதற்கு, “ஆடியில்தானே காற்று அதிகம்” என்றாராம். தெற்கே இருந்து காற்று வருகிறது; எமன் வந்ததாக இதுவரை தகவல் இல்லை.

வாசல் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் இருக்கட்டும். அது யாருக்குத் திறக்கிறது என்பதைக் கொண்டே அந்த வீட்டின் யோக்கியதையை நாம் மதிப்போம்.